உப்பில்லாத ஒரு மண்டலம்

அன்புள்ள தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வேண்டும். இங்கே நலம் இல்லை. அதனால் அந்தப் பாதியை விட்டுவிட்டு, நீ நலமாக இருக்கிறாயா என்ற மற்றப் பாதியை மட்டும் கேட்கிறேன். நேற்று ஆபீஸ் டெலிபோனில் நீ கத்தியது கணக்கெழுதுகிற கிராணியின் மேசை வரைக்கும் கேட்டது. "அம்மா தலையில மறுபடி கரண்ட் வைக்க விடாதீங்கப்பா, நான் ஒத்துக்க மாட்டேன் லா" என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். என்னைப் பேச விடவில்லை. விட்டிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். கிராணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நம் வீட்டு விஷயத்தை எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. கிழித்துப் போட்டுவிடாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா சோறு தொட்டு நாளாகிவிட்டது. மைலோவைத் தண்ணியாகக் கரைத்து ஸ்பூனில் கொடுத்தால் ஒரு வாய் உள்ளே போகிறது, அடுத்த வாய் உதட்டோரம் வழிகிறது. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள். பேச்சு இல்லை. அழுகைகூட இல்லை, அழுதால் நான் சந்தோஷப்படுவேன். தூக்கி உட்காரவைத்தால் கொழுந்துக் கூடையைவிடக் கனம் குறைவாக இருக்கிறாள். ஈப்போ டாக்டரம்மாவை உனக்குத் தெரியும், கண்ணாடி போட்டவர். அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "ஐயா, இப்படியே விட்டா பட்டினியாலேயே போயிடுவாங்க. இப்ப சீக்கிரமா கேக்கறது கரண்ட் ஒண்ணுதான்." வியாழக்கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். உன் அம்மாவிடம் கேட்டேன். பதிலே வராது என்று நான் எழுந்திருக்கப் போகும்போது, சுவரைப் பார்த்தபடியே, "தம்பி சொன்னா போறேன்" என்றாள். நீயோ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அவள் உயிர் இப்போது உன் ஒரு வார்த்தையில் நிற்கிறது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

உனக்குப் பயம். எனக்கு உன்னைவிடப் பயம். நான் இந்தத் தேயிலை பேக்டரியில் வயர்மேன். மண்டை ஓடு போட்ட தகரத்தை எத்தனை சுவரில் என் கையாலேயே அடித்திருக்கிறேன். பக்கத்தில் வராதே, தொடாதே, கை ஈரமாக இருந்தால் எட்டி நில் என்று உனக்கும் சேர்த்துக் கத்தியே தொண்டை கட்டியவன். அப்படிப்பட்டவனிடம் ஒரு டாக்டர் வந்து, உன் பெண்சாதி மண்டையில் கரண்ட் வைக்கப் போகிறேன் என்றால் எப்படி இருக்கும்? முதல் தடவை கேட்டபோது, எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம், பியூஸ் இருக்கிறதா என்று டாக்டரம்மாவைப் போட்டுக் குடைந்தேன். அவரும் சிரிக்காமல் பதில் சொன்னார். நீ படத்தில் பார்த்தாய் என்றாயே, கட்டிப்போட்டு, வாயில் துணி திணித்து, அலற அலற வைப்பது, அதெல்லாம் இங்கே இல்லை. தூக்க ஊசி போடுகிறார்கள். உடம்பு தளர இன்னொரு ஊசி. தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கால் விரல்தான் கொஞ்சம் துடிக்கும் என்று நர்ஸ் சொன்னார். போன தடவைகளில் என்னை உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

நீ கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது. "முன்ன ஒரு மாத்திரை குடுத்தாங்களே, அதுல நல்லாத்தானே இருந்தாங்க, அதையே குடுக்க வேண்டியதுதானே?" என்றாய். நல்லாத்தான் இருந்தாள். ஆனால் அந்த மாத்திரையை இனி கொடுக்க முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. காய்ச்சல் என்று எழுதி முடித்துவிட்டேன். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும், வேறு வழி வைக்கவில்லை நீ.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம், எழுபதுகளின் தொடக்கம். உன் அம்மா மலையில் கொழுந்து எடுத்தால் ஊரே பேசும். சங்கு ஊதுவதற்கு முன்பே சரிவில் நிற்பாள். மழை, பனி, அட்டை எதுவும் அவளுக்குக் கிடையாது. பாட்டும் சிரிப்பும் அடுத்த மலைக்குக் கேட்கும். நிறுக்கிற இடத்தில் அவள் கூடையை வைத்ததும் கங்காணி மற்றவர்களைப் பார்த்து, "இந்த மாதிரி நாலு பொம்பள இருந்தா போதும், உங்களையெல்லாம் ஊட்டுக்கு அனுப்பிடுவேன்" என்பார். துரைகூட ஒரு தடவை நிறுத்தி, பேரைக் கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் ஒரே வாரத்தில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள், கோழி வளர்க்கிறேன் என்று ஒரு கூண்டு நிறைய வாங்கிவந்தாள், அந்தக் கோழிகளை அடுத்த வாரமே லயத்து வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தாள். நல்ல சேலைகளும் அப்படியே போயின. நான் ஏதாவது சொன்னால், "நீ ஒரு கஞ்சன்யா" என்று சிரிப்பாள். எனக்கும் பெருமைதான். இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்தாளே என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அது நோய் என்று யார் கண்டது? வேலை செய்யாதவனைத்தான் எஸ்டேட்டில் நோயாளி என்பார்கள்.

பிறகு இறக்கம் வந்தது. உனக்கு நினைவிருக்கும், நீதான் அப்போது அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாய். பாயை விட்டு எழுந்திருக்க மாட்டாள். குளிக்க மாட்டாள். "நான் பாவி, என்னால உங்களுக்கு எல்லாம் கஷ்டம்" என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அதே கங்காணி வாசலில் வந்து நின்று, சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எழுவாள், பறப்பாள், மறுபடி விழுவாள். இப்படியே வருஷங்கள் போய், அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் ஈப்போவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேனிக் டிப்ரஷன். ஏறும், இறங்கும். ஏறுறப்ப நீங்க ரசிச்சீங்களே, அதுவும் இதே சீக்குதான் ஐயா" என்றார். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை முழுங்க முடியவில்லை. நான் கல்யாணம் பண்ணி, ஆசைப்பட்டு, கூடச் சிரித்து வாழ்ந்ததில் எவ்வளவு அவள், எவ்வளவு சீக்கு?

அப்போது கொடுத்ததுதான் நீ சொல்கிற அந்த மாத்திரை, லித்தியம். உப்பு ஜாதியைச் சேர்ந்த மருந்து என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், தண்ணி நன்றாகக் குடிக்க வேண்டும், சாப்பாட்டை மாற்றக்கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். மாத்திரை கேட்டது. பறக்கவும் இல்லை, விழவும் இல்லை. மற்றப் பெண்களைப் போலச் சாதாரணமாகக் கொழுந்து எடுத்தாள், சாதாரணமாகச் சண்டை போட்டாள். கை மட்டும் லேசாக நடுங்கும். நம் வீட்டில் சாதாரணமாக இருந்த காலம் அது ஒன்றுதான். நீயும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சிங்கப்பூருக்குக் கப்பல் கட்டுகிற வேலைக்குக் கிளம்பினாய்.

நீ கிளம்பிய வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு உன் அம்மா பால்குடம் நேர்ந்துகொண்டாள். உனக்கு வேலை நிலைக்க வேண்டும், உயரத்தில் நின்று வேலை செய்கிறவன் காலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று. காப்புக் கட்டி ஒரு வாரம் உப்பில்லாமல் சாப்பிடுவதுதான் நம் எஸ்டேட் வழக்கம். அவளுக்கு அது போதவில்லை. பிள்ளைக்காக என்றால் ஒரு மண்டலம் என்றாள். ஒரு மண்டலம் முழுக்க, ஒருவேளைச் சோறு, உப்பே சேர்க்காமல். எனக்குத் தனியாக உப்புப் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, அவள் வெறும் சோற்றையும் பருப்பையும் பிசைந்து சாப்பிடுவாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, இவ்வளவு வைராக்கியமா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். மாத்திரையை ஒருநாளும் தவறவிடவில்லை. அதை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மண்டலத்தில் பாதி போனதும் கை நடுக்கம் கூடியது. வாந்தி எடுத்தாள். விரத உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள் லயத்துப் பெண்கள். பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. திருவிழா அன்று ஆற்றங்கரையில் குடத்தைத் தலையில் வைத்ததும் உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தது. உடுக்கை அடிக்கிறவன் இன்னும் வேகமாக அடித்தான். "ஆத்தா எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், கூட்டம் அவள் காலில் விழுந்தது. "ஆத்தா, எம் பொண்ணுக்கு எப்ப வழி பொறக்கும் சொல்லு" என்று ஒருத்தி அழுதாள். உன் அம்மா வாயில் எச்சில் ஒழுக ஏதோ குழறினாள். பூசாரி அதற்கு அர்த்தம் சொன்னார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன், தம்பி. விஷம் ஏறித் துடித்துக்கொண்டிருந்தவளை நாங்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். கோவில் வாசலில் குடத்தோடு விழுந்தாள். பால் ஓடிய இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். டிரஸர் மட்டும்தான் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யோவ், இது சாமி இல்லய்யா, வேன் எடு" என்று கத்தினார்.

ஈப்போவில் டாக்டரம்மா என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். "உப்பே இல்லாமலா?" என்று கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார். உடம்பில் உப்பு குறைந்தால் அந்த மருந்து வெளியே போகாதாம், உள்ளேயே தங்கித் தங்கி விஷமாகிவிடுமாம். "சாப்பாட்ட மாத்தாதீங்கன்னு சொன்னேனே ஐயா" என்றார். "மாத்தலம்மா. வெரதம்தான் இருந்தா" என்றேன். அவர் சாப்பாடு என்று சொன்னது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. எங்களுக்கு விரதம் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேராது, அது சாமி காரியம். உயிர் தப்பியது. கிட்னி பாதி போய்விட்டது. இனி அந்த மருந்தின் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று முடித்துவிட்டார்கள்.

இதைத்தான் உன்னிடம் காய்ச்சல் என்று எழுதினேன். உனக்காக நேர்ந்ததால் வந்தது என்று எப்படி எழுதுவது? இப்போது எழுதிவிட்டேன். ஆனால் இதை எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்ளாதே. நீ கேட்கவில்லை, அவள் நேர்ந்தாள். அவள் மேலும் தப்பில்லை. யார் மேலாவது தப்பு இருந்திருந்தால், அவனைத் திட்டிக்கொண்டாவது இத்தனை வருஷம் தள்ளியிருப்பேன். திட்ட ஆளில்லாத துன்பம் பொல்லாதது.

அதற்குப் பிறகு வேறு மாத்திரைகள் வந்தன. ஒன்று அவளைப் பறக்கவிட்டது, ஒன்று நாள் முழுக்கத் தூங்கவைத்தது, ஒன்று தலை சுற்றிக் கழுவுகிற இடத்தில் விழவைத்தது. வயசான உடம்பு, கெட்டுப்போன கிட்னி, எதையும் தாங்கவில்லை. வயசாக ஆக ஏறுவது நின்றுபோனது, இறங்குவது மட்டும் மிச்சமானது. கடைசியாகத்தான் கரண்ட். முதல் தடவை வைத்தபோது, சில நாளிலேயே கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னா மனுஷன்யா நீ, சட்டையில பட்டன் இல்லாமயா ஆஸ்பத்திரிக்கு வர்றது?" என்றாள். வராந்தாவில் போய் நின்று அழுதேன். அந்தத் திட்டுக்கு எதையும் கொடுக்கலாம். அது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கியது. மறுபடி விழுந்தாள். இரண்டாவது தடவை வைத்தது அவ்வளவுகூடத் தாங்கவில்லை. மூன்றாவது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. இற்றுப்போன வயரில் ஜாயின்ட் போட்டுக்கொண்டே போகிறோம், அவ்வளவுதான். குணமாகிவிடுவாள் என்று நான் உனக்கு எழுதப் போவதில்லை. எனக்கே அந்த நம்பிக்கை இல்லை.

நீ பயப்படுகிற இன்னொன்றும் உண்மை. கரண்ட் ஞாபகத்தைத் தின்கிறது. பல விஷயம் திரும்பி வந்துவிட்டது, சிலது வரவே இல்லை. அதில் போன ஒன்று அந்தத் திருவிழா. பால்குடம் எடுத்ததே அவளுக்கு ஞாபகம் இல்லை. நேர்ந்துகொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "தம்பிக்கு நேந்துகிட்டது இன்னும் செய்யலையே" என்று பிடித்துக்கொண்டாள். செய்தாயிற்று என்று நான் சொன்னால் நம்பவில்லை. லயத்துப் பெண்கள் வந்து சொன்னார்கள், ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கோவில் கமிட்டி எடுத்த போட்டோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரோ ஒரு கெழவி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். உயிரையே கொடுக்கப் பார்த்தாளே, அது கணக்கில் வரவில்லை. இப்போது சுவரைப் பார்த்துக் கிடக்கும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. சாமிக்குச் செய்யாததால் பிள்ளை வரமாட்டேன் என்கிறான் என்று ஒருநாள் முனகினாள். நீ வந்து இரண்டு தீபாவளி ஆகிறது, தம்பி.

போன தடவை போனபோது, கரண்ட்டுக்குப் பதிலாக வேறு ஒன்றுமே இல்லையா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். வெளிநாட்டில் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்களாம். ஒரு கம்பிச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்தால், தொடாமலே கை விரல் தானாக அசைகிறதாம். தூக்க ஊசி இல்லை, வெட்டு இழுப்பு இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மோட்டார் காயிலோடு வாழ்ந்தவன், காந்தமும் கரண்ட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும். "அப்ப அதையே வைங்கம்மா" என்றேன். "இந்தச் சீக்குக்கு யாரும் இன்னும் குடுத்துப் பார்க்கல ஐயா. ஒருநாள் வரலாம்" என்றார். ஒருநாள்! அந்த ஒருநாள் வரும்போது நானும் உன் அம்மாவும் மண்ணாகிப் பல வருஷம் ஆகியிருக்கும். வேறு யாரோ ஒரு கிழவி நாற்காலியில் உட்கார்ந்து, கண் திறந்தபடி, ஒன்றையும் மறக்காமல் எழுந்து போவாள். நன்றாக இருக்கட்டும். எனக்கு வயிறு எரிகிறது.

இதை எழுதும்போது உன்னைப் பற்றியும் நினைப்பு ஓடுகிறது. நீ அவள் வயிற்றில் பிறந்தவன். ஒருநாள் உனக்குத் தூக்கமே தேவைப்படாமல், களைப்பே இல்லாமல், உன் வேலையை எல்லோரும் வாய் ஓயாமல் புகழ்ந்தால், சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்காதே. அன்றே ஒரு டாக்டரைப் பார். கேட்டால் கூச்சப்படாமல் அம்மாவைப் பற்றிச் சொல். அவள் பைத்தியம் என்று யாராவது சொன்னால் அறைந்துவிட்டு வா, ஆனால் டாக்டரிடம் மறைக்காதே. அப்பா என்று நான் உனக்குச் சொல்வதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

இன்று எல்லோரும் வேலைக்குப் போனபிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி போன் பண்ணான். சரி, போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டான்" என்றேன். ஆமாம், பொய்தான். அவள் சுவரிலிருந்து திரும்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அவனே சொன்னானா?" என்றாள். "அவனேதான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாள்: "அப்ப அவன் வர்றானா?" "வர்றான்" என்று சொல்லிவிட்டேன். "வரட்டும். வந்தா சாப்புடுறேன்" என்றாள்.

தபாலில் போட்டால் வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து சிங்கப்பூர் மார்க்கெட்டுக்கு முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் சொன்ன முதல் பொய்க்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நேரில் வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் வேண்டாம் என்று உன்னால் சொல்ல முடிந்தால், நான் கையெழுத்துப் போடமாட்டேன். டிரைவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். திரும்பும்போது லாரி காலியாகத்தான் வருமாம், முன் சீட்டில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறதாம்.

அப்பா